மூன்று ஆலோசகர்களும் ஒரு பெடலும்

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, தொழிற்சாலை மேலாளர் ஒருவர் அவள் காதுக்குள் கூசாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தபோது, கணினித் திரையின் நடுவே ஒரு அறிவிப்பு வந்து நின்றது. இந்தப் பழைய விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வராது. புதிய விண்டோஸுக்கு மாறிக்கொள்வது நல்லது. ஆனால் இந்தக் கணினிக்கு அதற்கான தகுதி இல்லை. அதாவது, வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டு, புது வீடும் உங்களுக்குக் கிடையாது என்று மரியாதையாகத் தெரிவித்திருந்தார்கள்.

அவளுடைய வேலை தொழிலாளர் தீர்ப்பாயத்தின் விசாரணைகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது. விசாரணை நடந்த மறுநாள் ஒலிப்பதிவு வரும். காதில் ஹெட்போன், விசைப்பலகையில் பத்து விரல், மேசைக்கு அடியில் வலது காலருகே மூன்று மிதி கொண்ட ஒரு பெடல். நடு மிதியை அழுத்தினால் ஒலி ஓடும். இடது மிதி ஐந்து நொடி பின்னால் போகும். வலது மிதி முன்னால் போகும். வலது மிதியை அவள் அதிகம் தொட்டதில்லை. வக்கீல்கள் பேசுவதை முன்னால் ஓட்டிவிட முடிந்தால் உலகத்தில் எவ்வளவோ நேரம் மிச்சமாகும், ஆனால் அதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

அவள் ஒரே ஒரு தவறுதான் செய்தாள். 'பிறகு நினைவூட்டு' என்பதை அழுத்துவதற்கு முன்னால் தும்மிவிட்டாள். அந்த ஒரு நொடியில், அலுவலகத்துக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டபடி பின்னால் வந்த கணவர் திரையைப் படித்துவிட்டார்.

"என்னது இது, தகுதி இல்லையாமே?"

"ஒண்ணுமில்லைங்க. நான் பாத்துக்கிறேன்."

"இதெல்லாம் அப்படி அவசரப்பட்டு முடிவு பண்ற விஷயம் இல்லம்மா."

அவர் தண்ணீர் மீட்டர்களைச் சோதிக்கும் கூடத்தில் மேற்பார்வையாளர். நாளெல்லாம் ஒரு சொட்டு கூடவா குறைவா என்று பார்த்துப் பார்த்து, வாழ்க்கையில் எதையும் அளக்காமல் விட முடியாத நிலைக்கு வந்திருந்தார். துணி துவைக்கும் இயந்திரம் வாங்க ஏழு மாதம் ஆராய்ச்சி செய்தார். கடைசியில் மிகச் சிறந்ததைக் கண்டுபிடித்தபோது அதன் தயாரிப்பையே நிறுத்தியிருந்தார்கள். அந்த ஏழு மாதமும் கையால் துவைத்தது யார் என்பது அவருடைய ஆராய்ச்சிக்குள் வரவில்லை.

அன்று மாலையே அந்தக் கணினியில் ஒரு ஒப்பீட்டு அட்டவணை தொடங்கியது. அவள் வேலை முடித்து எழுந்ததும் அவர் உட்கார்ந்துவிடுவார். மேலே மூன்று தலைப்பு: விண்டோஸ், லினக்ஸ், மேக். பக்கவாட்டில் அம்சங்கள். பாதுகாப்பு, வேகம், ஆயுள், எழுத்துருக்களின் அழகு, 'பத்து ஆண்டுகளுக்குப் பிறகான நிலைமை'. இரண்டு வாரத்தில் நாற்பத்திரண்டு வரிசை ஆகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண். மூன்றும் எப்போதும் ஒன்றிரண்டு புள்ளி வித்தியாசத்தில் வந்து நின்றன. உடனே ஒரு வரிசையைச் சேர்ப்பார். மறுபடியும் சமமாகும். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

தனியாக இவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமக்க முடியாதென்று இருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். ஒருவர் அவருடைய தம்பி. ஒரு நிறுவனத்தின் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்பவர், லினக்ஸ் பக்தர். அவரிடம் நலமா என்று கேட்டால்கூட, பணம் கொடுத்து மென்பொருள் வாங்குகிறவர்கள் இருக்கும்வரை எப்படி நலமாக இருக்க முடியும் என்ற தோரணையில்தான் பதில் வரும். இன்னொருவர் அவளுடைய அண்ணன். விளம்பரங்களுக்குப் படம் எடுக்கும் புகைப்படக்காரர். மேக்கைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். பிறர் வீட்டுக் கணினியைப் பார்க்கும்போது, விபத்தில் அடிபட்டவரைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மூவரும் கைப்பேசியில் 'கணினி முடிவுக் குழு' என்று ஒன்று தொடங்கினார்கள். தினம் நூறு செய்தி ஓடியது. அந்தக் கணினியில் தினம் எட்டு மணி நேரம் வேலை செய்யும் ஒரே ஆள் அந்தக் குழுவில் இல்லை. யாரும் வேண்டுமென்று விடவில்லை. நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை குழு நேரில் கூடுவதென்று முடிவானது. அவளுக்கு அந்த வாரம் பெரிய வேலை. ஆறு மணி நேர விசாரணை. அச்சு இயந்திரத்தில் இரண்டு விரல் போன ஒரு பெண்ணின் வழக்கு. கை மாட்டாமல் தடுக்கும் காப்புத் தகட்டை இயந்திரத்திலிருந்து கழற்றியது யார் என்பதுதான் கேள்வி. அந்தப் பெண்ணேதான் கழற்றினாள் என்று மேலாளர் சொல்கிறார். வெள்ளிக்கிழமை அடுத்த விசாரணை. வியாழக்கிழமை மாலைக்குள் முழு எழுத்துப் பிரதியும் போய்ச் சேர வேண்டும். நூறு பக்கம் முடித்திருந்தாள், இன்னும் நாற்பது பாக்கி.

காலை பதினோரு மணிக்கு மூவரும் அவள் மேசையைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அவள் ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிக்கொண்டாள்.

"அண்ணி, உங்களுக்கு விடுதலை கிடைக்கப்போகுது," என்றார் கொழுந்தன்.

"எதுலேருந்து தம்பி?"

"கம்பெனிக்காரன் கிட்டேருந்து. லினக்ஸ் வந்துட்டா இந்தப் பெட்டிக்கு நீங்கதான் ராணி. உள்ள என்ன ஓடுதுன்னு ஒவ்வொரு வரியா நீங்களே படிச்சுப் பாக்கலாம்."

"வக்கீலுங்க பேசுறதையே வரி வரியாப் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். இதையும் படிக்கணுமா?"

அண்ணன் சிரித்தார். "அவளை ஏன் பயமுறுத்துறீங்க சின்ன மாப்பிள்ளை? பாப்பா, நீ மேக் வாங்கிடு. பெட்டியைத் திறந்தோமா, வேலையைப் பாத்தோமான்னு இருக்கும். அந்த வெள்ளையைப் பாத்தாலே மனசு அமைதியாயிடும்." நாற்பத்தாறு வயதிலும் அவள் அவருக்குப் பாப்பாதான்.

"என் பெடல் அதுல ஓடுமாண்ணே?"

"என்ன பெடல்?"

ஒன்பது வருடமாக அந்த மேசைக்கு அடியில் இருக்கும் பொருளை மூன்று ஆண்களும் குனிந்து பார்த்தார்கள். கணவர் மட்டும், "ஓ, இதுவா. கால் வலிக்கு எதோ வெச்சிருக்கேன்னு நினைச்சேன்," என்றார்.

"நாப்பத்திரண்டு வரிசைல பெடல்னு ஒண்ணு இல்லையா?" என்று கேட்டாள்.

"நாப்பத்துமூணாவதா சேத்துடலாம்," என்று அவர் குறித்துவைக்கப் பென்சிலைத் தேடினார்.

அதற்குள் மற்ற இருவரும் சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். அண்ணன் அழகைப் பற்றிப் பேசினார், கொழுந்தன் அடிமைத்தனத்தைப் பற்றிப் பேசினார். இடையில் இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பழக்க தோஷத்தில் அவள் விரல்கள் மேசையில் தட்டிக்கொண்டன. பிரதியில் இப்படிப்பட்ட இடங்களில் 'குறுக்கீடு, தெளிவில்லை' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். வீட்டில் அந்த வசதி கிடையாது.

"பேசிட்டே இருந்தா ஆகாது," என்று கொழுந்தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார். "பழையதை ஒண்ணும் பண்ணாம பக்கத்துலயே லினக்ஸைப் போட்டுக் காட்டுறேன். பிடிக்கலைன்னா எடுத்துடலாம். வெறும் சோதனைதான்."

"என் வேலையெல்லாம் இதுலதான் இருக்கு," என்றாள்.

"அண்ணி, நான் நூத்தைம்பது சர்வரைப் பாத்துக்கிறவன்."

அதற்கு மேல் ஒரு சாதாரண மனுஷி என்ன சொல்ல முடியும்? எழுந்து இடம் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி ஜன்னலோரமாக நின்றுகொண்டாள்.

நிறுவும் வேலை தொடங்கியது. முதல் திரையைப் பார்த்ததுமே அண்ணன், இந்த எழுத்துருவை வடிவமைத்தவரைக் கைது செய்யலாம் என்றார். அதற்குப் பதில் சொல்ல கொழுந்தன் நாற்காலியோடு அவர் பக்கம் திரும்பினார். பதில் நீளமாக இருந்தது. கணினி இதற்கிடையில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தது. பழையதன் பக்கத்திலேயே நிறுவவா, வட்டை முழுவதும் அழித்துவிட்டு நிறுவவா? சுட்டி எதற்காகவோ இரண்டாவதன் மேல் நின்றிருந்தது.

மூன்று வாரமாக எந்த முடிவும் எடுக்காமல் தவித்த கணவருக்கு, கண் முன்னால் ஒரே ஒரு பொத்தான் இருந்தது. 'தொடரவும்.' அதில் பத்துக்கு எத்தனை என்று கேட்கவில்லை. அவர் கையை நீட்டி அழுத்தினார்.

"நிச்சயமா?" என்று அது மறுபடி கேட்டது. அதையும் அழுத்தினார்.

கொழுந்தன் திரும்பியபோது நீலக் கோடு கால்வாசி தாண்டியிருந்தது. "அண்ணா, என்ன பண்ணே?"

"தொடரவும்னு போட்டிருந்துச்சு. தொடர்ந்தேன்."

கொழுந்தன் முகத்தில் ஈயாடவில்லை. "நிறுத்து, நிறுத்து," என்றார். யாரிடம் சொன்னாரென்று தெரியவில்லை, ஆனால் அண்ணன் அதைத் தன்னிடம் சொன்னதாக எடுத்துக்கொண்டு சுவரிலிருந்த மின்செருகியைப் பிடுங்கினார். திரை கறுத்தது. பழையதும் போனது, புதியதும் முழுசாக வரவில்லை. கடைசியில் மூவரும் சேர்ந்து ஒரு காரியத்தை ஒற்றுமையாகச் செய்து முடித்திருந்தார்கள்.

அவள் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரமாகவே நின்றாள்.

முதலில் பேசியது கணவர். "என் அட்டவணை," என்றார்.

"எங்க வீட்டுப் பெட்டியா இருந்தா எல்லாம் கிளவுட்ல பத்திரமா இருந்திருக்கும்," என்றார் அண்ணன்.

"மீட்டுடலாம்," என்றார் கொழுந்தன், வியர்வையைத் துடைத்தபடி. "அதுக்கு ஒரு மென்பொருள் இருக்கு. ஆனா அதை நாமே உருவாக்கிக்கணும். ஒரு வாரம் ஆகும்."

அவள் காத்திருந்தாள். நூறு பக்கம் என்று யாராவது சொல்கிறார்களா என்று பார்த்தாள். வியாழக்கிழமை என்றாவது சொல்வார்களா என்று பார்த்தாள். அட்டவணையைப் பற்றியே பேசினார்கள். நாற்பத்திரண்டு வரிசையை நினைவிலிருந்து திரும்ப எழுத முடியுமா என்று கணவர் கேட்டபோது அவளுக்குப் போதுமென்று ஆகிவிட்டது. மேசையின் இரண்டாவது இழுப்பறையைத் திறந்து, கைக்குட்டை மடிப்பளவுக்கு இருந்த ஒரு ஹார்டு டிஸ்க்கை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"தினம் ஆறு மணிக்கு வேலையை முடிச்சதும் இதுல ஒரு பிரதி எடுத்து வெச்சிடுவேன். ஒலிப்பதிவு, தட்டச்சு, எல்லாம் இருக்கு."

கணவர் முகம் மலர்ந்தது. "அப்ப அட்டவணை?"

"அது என் வேலை இல்லைங்களே."

கொழுந்தனுக்கு அவசர வேலை வந்துவிட்டது. நூற்றைம்பது சர்வர்களில் ஒன்று அழைத்திருக்க வேண்டும். அண்ணனிடம், மூன்று நாளைக்கு உன் கணினியைத் தருகிறாயா என்று கேட்டாள். அவர் அதற்கென்ன என்று தொடங்கி, திரையின் நிற அளவுகளைத் தான் மிகவும் கஷ்டப்பட்டு அமைத்திருப்பதையும், பிறர் கை பட்டால் அது கலைந்துபோகக்கூடும் என்பதையும் விளக்கிவிட்டு, வேறு எந்த உதவியானாலும் தயங்காமல் கேட்கச் சொல்லிக் கிளம்பினார்.

மறுநாள் காலை, கணவரைப் பெட்டியைத் தூக்க வைத்து, பெடலையும் டிஸ்க்கையும் தன் பையில் போட்டுக்கொண்டு பழுதுபார்க்கும் கடைக்குப் போனாள். ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே இருந்த கடை. மூன்று பேர் நின்றால் நான்காவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். கடைக்காரப் பெண் கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு மடிக்கணினியின் திருகுகளை எடுத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்டாள். சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கத் திருகாணிகளை எண்ணுவதுபோலத் தெரிந்தது.

"யாரு இதுல வேலை பாக்குறது?" என்றாள்.

"வீட்டுக் கணினிங்க, எல்லாருக்கும் பொது," என்று கணவர் முன்னால் வந்தார். "நான் நாப்பத்திரண்டு அம்சத்தை வெச்சு..."

"சரிங்க சார். நீங்க இதுல என்ன வேலை பாப்பீங்க?"

அவர் யோசித்தார். நேர்மையான மனிதர், பொய் சொல்ல வரவில்லை. "எந்தக் கணினி நல்லதுன்னு ஒரு அட்டவணை போட்டேன்," என்றார்.

கடைக்காரப் பெண் அவர் பக்கமிருந்து மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தாள். மூன்று வாரத்தில் அந்தக் கேள்வி முதல்முறையாக அவளிடம் வந்து சேர்ந்தது.

"நான்தான்," என்றாள். பையிலிருந்து பெடலை எடுத்தாள். "கேட்டு எழுதுற வேலை. இது ஓடணும். தட்டச்சு செய்யறப்ப திரை உறையக் கூடாது. வியாழக்கிழமைக்குள்ள நாப்பது பக்கம் அடிக்கணும். அழகா இருக்கணும்னு இல்லை. எனக்கு அதோட உள்ளே என்ன ஓடுதுன்னும் தெரிய வேண்டாம்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

கடையில் மூன்று வகையும் ஓடிக்கொண்டிருந்தன. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டு, பெடலை ஒவ்வொன்றிலும் மாட்டி மிதித்துப் பார்த்தாள். மேக்கில் ஓடியது, நடுவில் மாட்ட ஒரு இணைப்பான் மட்டும் வேண்டும். புது விண்டோஸில் போட்டதும் ஓடியது. இரண்டிலும் குறை சொல்ல எதுவுமில்லை, ஆனால் இரண்டுக்குமே புதுப் பெட்டி வாங்க வேண்டும். லினக்ஸில் முதலில் ஓடவில்லை. கடைக்காரப் பெண் மூன்று மிதிக்கும் மூன்று விசைகளை ஒதுக்கிக் கொடுத்தாள். ஓடியது. பழைய பெட்டியே போதும். எல்லாம் சேர்த்து இருபத்தைந்து நிமிடம். அவள் காலே முடிவெடுத்துவிட்டது.

"இதையே போட்டுடுங்க," என்றாள்.

கணவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். பத்து ஆண்டுகளுக்குப் பிறகான நிலைமை என்பதாக இருக்கலாம். அதற்குள் கடைக்காரப் பெண் நிறுவத் தொடங்கியிருந்தாள். ஒரு கட்டத்தில் விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளினாள். திரை உரிமையாளர் பெயரைக் கேட்டது. கணினியை வாங்கிய அன்று கணவர் தன் பெயரைப் போட்டுவைத்திருந்தார். ஒன்பது வருடமாக அவள் தினமும் காலையில் அவர் பெயரில்தான் உள்ளே போய் வந்துகொண்டிருந்தாள். அது ஒரு விஷயமென்றே இதுவரை பட்டதில்லை. இப்போது விரல்கள் விசைமேல் ஒரு கணம் நின்றன. பிறகு தன் பெயரை அடித்தாள். கடவுச்சொல் கேட்டபோது, கணவர் வழக்கம்போல எட்டிப் பார்த்தார். அவள் பேசாமல் இடது கையால் விசைப்பலகையை மறைத்துக்கொண்டாள்.

அன்று மதியமே மேசையில் உட்கார்ந்துவிட்டாள். செவ்வாய், புதன் இரண்டு நாளும் நேரம் போனது தெரியவில்லை. நூற்றுப் பதினெட்டாவது பக்கத்தில் மேலாளர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ முணுமுணுத்தார். அந்த நேரம் பார்த்து யாரோ நாற்காலியை இழுத்திருந்தார்கள். மற்றவர்களாக இருந்தால் 'தெளிவில்லை' என்று போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அவள் இடது மிதியை அழுத்தினாள். மறுபடி. மறுபடி. ஒன்பதாவது முறை நாற்காலிச் சத்தத்துக்கு அடியிலிருந்து வாக்கியம் முழுசாக எழுந்து வந்தது: "தகடு இருந்தா ஒரு நாளைக்கு இருநூறு உருப்படி குறையும், அதனால எடுக்கச் சொன்னேன்." மேலாளரே சொன்னது. அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை கேட்டாள். பிறகு ஒரு எழுத்து மாறாமல் அடித்தாள். அடித்து முடித்தபின் கொஞ்ச நேரம் தன் பத்து விரலையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் பிரதி போய்ச் சேர்ந்தது.

செய்தி அதற்குள் குடும்பத்தில் பரவியிருந்தது. கொழுந்தன் தொலைபேசியில் அழைத்து, வாழ்த்துச் சொன்னார். நடந்த அழிவில் தன் பங்கை அவர் எப்படியோ மறந்து, விடுதலைக்குத் தான் வித்திட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். அவள் மறுக்கவில்லை. அண்ணன் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, கீழே வரிசையாக நிற்கும் படக்குறிகளைக் காட்டி, "எங்களைப் பாத்துதான் காப்பியடிச்சிருக்காங்க. பரவாயில்லை, ரசனை தெரிஞ்சவங்க," என்று திருப்தியோடு போனார்.

கணவருக்குத்தான் கொஞ்ச நாள் கை ஒடிந்தாற்போல இருந்தது. ஒரு மாலை நாற்காலியில் உட்கார்ந்து, கடவுச்சொல் என்ன என்று கேட்டார்.

"விருந்தினர்னு கீழ ஒண்ணு இருக்கும் பாருங்க. அதை அழுத்துங்க. கடவுச்சொல் வேண்டாம்."

"என் வீட்லயே நான் விருந்தாளியா?"

"வீட்ல இல்லைங்க. கணினில மட்டும்தான்."

அவர் அதை அழுத்தி, உள்ளே போய், கொஞ்சம் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டார். அதன்பின் மாலைகளில் அவளுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு செய்தித்தாள் படிப்பது வழக்கமானது. அந்தத் தொழிற்சாலை வழக்கின் தீர்ப்பு சொன்ன கடைசி விசாரணையின் ஒலிப்பதிவு முடியும் தறுவாயில், அவள் அடிப்பதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தாளை மடித்து வைத்தார்.

"அந்தப் பொண்ணு கேஸ் என்னதான் ஆச்சு?" என்றார்.

இத்தனை வருடத்தில் அவர் ஒரு வழக்கைப் பற்றிக் கேட்டது இதுவே முதல் தடவை. அவள் நடு மிதியிலிருந்து காலை எடுத்தாள். ஒரு காதிலிருந்து ஹெட்போனை நகர்த்திவிட்டு, முதலிலிருந்து சொன்னாள். தகட்டைக் கழற்றச் சொன்னது, பழியை அந்தப் பெண்மேல் போட்டது, நூற்றுப் பதினெட்டாவது பக்கத்தை அவளுடைய வக்கீல் எழுந்து நின்று வாசித்தது, மேலாளர் தண்ணீர் கேட்டது, இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பானது. அவர் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டார். கண்கள் லேசாகக் கலங்கியதுபோலக்கூட இருந்தது.

நீண்ட மூச்சு ஒன்றை விட்டுவிட்டு, அவர் முன்னால் சாய்ந்தார்.

"அந்த அச்சு மிஷின்," என்றார், "எந்தக் கம்பெனியோடது?"

அவள் ஹெட்போனைக் காதுக்கு நகர்த்திக்கொண்டு நடு மிதியை அழுத்தினாள்.